கிரீன் சகோதரர்கள் ஆணியே அடிக்காமல் வீடு கட்டினார்களா?

கேட்டது இதுதான்: கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிரீன் & கிரீன் என்ற சகோதரர்கள் ஆணியோ ஸ்க்ரூவோ இல்லாமல், ஜப்பானிய முறையில் மரவீடுகள் கட்டினார்களாமே, உண்மையா? செங்கல்பட்டுப் பக்கம் கட்டும் வீட்டுக்கு அதே பாணியில் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசையும், வாசலுக்கு மரக்கூரை முகப்பும் செய்யச் சொல்லலாமா? இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. படங்களில் தெரியும் கறுப்புச் சதுர முளைகளும் இரும்புப் பட்டைகளும் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர முனைகளும் வேலை செய்கின்றனவா, அழகுக்கு இருக்கின்றனவா? அது தெரிந்தால்தான் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல முடியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆணி உண்டு, ஸ்க்ரூவும் உண்டு, நிறையவே உண்டு. அந்தக் கறுப்பு முளைகளில் பல ஸ்க்ரூவின் தலையை மூடுவதற்காக வந்தவைதான். ஆனாலும் அவற்றை ஒட்டு அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆட்கள் யார் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சார்லஸ் சம்னர் கிரீன் 1868-ல் பிறந்தவர், ஹென்றி மேதர் கிரீன் 1870-ல். ஊர் ஒஹாயோவின் சின்சினாட்டி பக்கம். தந்தை மருத்துவர், வெளிச்சமும் காற்றோட்டமும் உடம்புக்கு அவசியம் என்ற எண்ணம் அந்த வீட்டிலேயே இருந்தது. இருவரும் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில் படித்தார்கள். அங்கே பாடத்தோடு தச்சு, உலோகவேலை, கருவி செய்தல் எல்லாம் பட்டறையில் நின்று கற்க வேண்டும். பிறகு எம்.ஐ.டி.யில் குறுகிய படிப்பை 1891-ல் முடித்து, பாஸ்டன் அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். 1893-ல் பெற்றோர் குடிபோயிருந்த பாசடீனாவுக்கு ரயிலில் போகும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரசு கட்டியிருந்த மண்டபத்தைப் பார்த்தார்கள். 1894-ல் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். ஜப்பானுக்கு இருவருமே போனதில்லை. அவர்களுடைய ஜப்பான், கண்காட்சியிலும் அச்சுப் படங்களிலும் புத்தகங்களிலும் பார்த்த ஜப்பான்தான். 'ஜப்பானிய முறையில் கட்டினார்கள்' என்ற பேச்சை இதை மனத்தில் வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பத்து ஆண்டுகள் அவர்களும் எல்லோரையும் போலப் பல பாணிகளைக் கலந்துதான் கட்டினார்கள். 1903-ல் அர்துரோ பந்தினிக்காக முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அறைகள் வைத்துக் கட்டிய ஒற்றைமாடி மரவீட்டில் திசை மாறியது. அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். இன்று நீங்கள் படங்களில் பார்க்கும் உச்சம் மிகக் குறுகிய காலத்தில் வந்தது. பாசடீனாவில் பிளாக்கர் வீடு (1907), கேம்பிள் வீடு (1908), கலிபோர்னியாவின் ஓஹாய் (Ojai) ஊரில் பிராட் வீடு, பெர்க்லியில் தார்சன் வீடு (1909): நான்கும் ஏறக்குறைய அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடங்கியவை. பிளாக்கரும் தார்சனும் மரவியாபாரத்தில் சம்பாதித்தவர்கள். அவர்களுடைய மனைவிகள் உடன்பிறந்த சகோதரிகள். டேவிட் கேம்பிள் சோப்பு செய்யும் பிராக்டர் & கேம்பிள் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாசடீனா அப்போது குளிருக்குப் பயந்த பணக்காரர்கள் வந்து தங்கும் ஊர். பணம் இருந்தது, மரம் இருந்தது, அவசரப்படுத்தாத வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

இவர்கள் மட்டும் இருந்தால் போதாது. வரைபடம் சகோதரர்களுடையது, கை வேறு ஒரு சகோதரர் ஜோடியுடையது. சுவீடனிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த பீட்டர் ஹால் வீட்டைக் கட்டினார். ஜான் ஹால் மேசை, நாற்காலி, அலமாரிகளைச் செய்தார். வண்ணக் கண்ணாடி எமில் லாங்கின் பட்டறையிலிருந்து வந்தது. கேம்பிள் வீட்டு வாசலில் நடுக்கதவு, இரண்டு பக்கக் கதவுகள் என்று மூன்றிலும் பரவி ஒரே ஓக் மரம் கண்ணாடியில் விரிகிறது, அது அவர் செய்தது. 'கிரீன் & கிரீன் பாணி' என்று நாம் சொல்வதில் சரிபாதி ஹால் பட்டறையின் திறமை. உங்கள் ஆசாரியிடம் படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

சார்லஸ் கற்பனைக்கு, ஹென்றி கணக்குக்கு என்று பலர் எழுதுகிறார்கள். சார்லஸ் ஓவியமும் செதுக்கலும் தெரிந்தவர், ஹென்றி அலுவலகத்தையும் கட்டுமான ஒழுங்கையும் பார்த்துக்கொண்டார் என்ற அளவில் அது சரி. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எது யாருடையது என்று கோடு கிழிப்பது ஊகம்தான். 1920-களில் வென்ச்சுராவில் கூல்டு குடும்பத்துக்கும், 1929-ல் போர்ட்டர்வில்லில் ரிச்சர்ட்சன் குடும்பத்துக்கும் ஹென்றி தனியாகக் கட்டிய வீடுகளைப் பார்த்தால் அவரை வெறும் கணக்கர் என்று சொல்ல மனம் வராது.

இப்போது ஆணி. இந்த வீடுகளின் சுவர் எலும்புக்கூடு அன்றைய சாதாரண அமெரிக்க மரச்சட்டம்தான்: நெருக்கமாக நிறுத்திய மெல்லிய சட்டங்கள், ஆணியடித்து இணைத்தவை. வெளிச்சுவரை மூடியிருக்கும் ரெட்வுட் மரத்தின் மெல்லிய சிம்புகள் ஒவ்வொன்றும் ஆணியில்தான் நிற்கின்றன. அடித்தளத்தில் செங்கல்லும் ஆற்றுக்கல்லும். ஜப்பானியக் கோயில் தச்சர் செய்வதுபோல் தூணும் உத்திரமும் துளை, கழுந்து (துளைக்குள் செருகும் முனை) வழியாக முழுப் பாரத்தையும் தாங்கும் கட்டுமானம் இங்கே இல்லை. உள்ளே போனால் கதை மாறுகிறது. கேம்பிள் வீட்டு மாடிப்படியில் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்ததுபோல் பொருந்தி, மூலைகளில் பொருத்து வெளியே தெரியும்படி நிற்கின்றன. அந்தப் பொருத்துகள் உண்மையானவை, கைவேலை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஸ்க்ரூவும் இருக்கும். சகோதரர்களுக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கே எது நன்றாகப் பிடிக்குமோ அங்கே அதைப் போட்டார்கள்.

கறுப்பு முளைக்கு வருவோம். மரம் கருங்காலி. மேசை, நாற்காலிகளில் இரண்டு நூல் சதுரத்திலிருந்து (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நான்கு நூல் வரை பல அளவில், ஒரே மூலையில் இரண்டு மூன்று அளவுகளைக் கலந்து வைப்பார்கள். மேல்முகம் தட்டையாக இருக்காது. தலையணை போல் மெல்லப் புடைத்து, மரத்தின் பரப்பிலிருந்து அரை நூல் மேலே நிற்கும். சில முளைகளின் அடியில் ஒன்றும் இல்லை, சும்மா சமநிலைக்கு வைத்தவை. பலவற்றின் அடியில் ஸ்க்ரூ இருக்கிறது. முக்கியமான இடங்களில் அந்த ஸ்க்ரூ வட்டத் துளையில் இல்லை, நீள்துளையில் இருக்கிறது. இங்கேதான் அவர்களுடைய புத்தி தெரிகிறது.

பலகை ஈரம் குடித்தால் அகலத்தில் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. 36 அங்குல அகலத் தேக்கு மேற்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைகள் தட்டை அறுப்பாக (ஆண்டு வளையங்களை ஒட்டி அறுத்தவை) இருந்து, மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் சுமார் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் மாறும். ஆர அறுப்பாக (நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தவை) இருந்தால் ஒரு நூலுக்குச் சற்று மேல். மகோகனி இதைவிடவும் அசையும். 4 சதவீதம் என்பது பெரிய எண் இல்லை. கடலோரக் காற்றில் 13, 14 சதவீதத்தில் நிற்கும் மரம் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறைக்குள் வந்தால் 9, 10-க்கு இறங்கிவிடும். மேசையின் இரண்டு கோடியிலும் குறுக்கே ஒரு விளிம்புச் சட்டம் வைத்துப் பலகைகள் வளையாமல் பிடிப்பது பழைய முறை. அந்தச் சட்டத்தை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டினால் சட்டம் அசையாது, பலகை அசையும், நடுவில் வெடிப்பு விழும். ஹால் பட்டறை செய்தது இப்படி: நடுவில் மட்டும் இறுக்கி, ஓரங்களில் ஸ்க்ரூவை நீள்துளையில் விட்டு, துளைவாயைக் கருங்காலி முளையால் மூடினார்கள். சட்டமும் பலகையும் சேரும் விளிம்பில் வெளியே தெரியும்படி கருங்காலிப் பட்டி ஒன்றை நுழைத்தார்கள். அது ஒரு பக்கம்தான் ஒட்டியிருக்கும், மறுபக்கம் காடியில் வழுக்கும். சட்டத்தை வேண்டுமென்றே பலகையைவிடச் சிறிது நீளமாகவும் தடிப்பாகவும் விட்டார்கள். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் பருவம் மாறும்போது விளிம்பு முன்னே பின்னே போவது அசிங்கமாகத் தெரியும். முதலிலேயே படி வைத்துவிட்டால் அந்த அசைவு கண்ணில் படாது. முளையைப் பரப்புக்கு மேலே நிறுத்தியதற்கும் இதே காரணம். மட்டமாகச் சீவிய முளை, சுற்றியுள்ள மரம் சுருங்கியதும் ஒழுங்கில்லாமல் தலை தூக்கும்.

இரும்புப் பட்டைகளும் அப்படித்தான். வெளியே தூண்களிலும் உத்திரங்களிலும் இரண்டு மூன்று சட்டங்களைச் சேர்த்துப் பட்டையால் கட்டி, பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் சரிவான இரும்பு ஆப்பை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். சட்டம் காய்ந்து சுருங்கித் தளர்ந்தால் ஆப்பை இன்னும் இரண்டு தட்டு தட்டினால் போதும். போல்ட்டை இப்படி இறுக்குவதென்றால் முதலில் மறைத்திருக்கும் இடத்தைத் திறக்க வேண்டும். பட்டையை வெளியே காட்டினது அழகுக்கு என்று சொல்பவர்கள் பாதி சொல்கிறார்கள். பராமரிப்புக்குக் கை எட்ட வேண்டும் என்பது மறுபாதி.

சட்டங்களின் கீழ்விளிம்பில் மெல்லப் படியேறி இறங்கும் வளைவு ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மேகப்படி என்று வைத்துக்கொள்வோம், சீனத்து மேசை நாற்காலிகளிலிருந்து வந்தது. அது தூய அலங்காரம். கேம்பிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரும் ஜப்பானிய வாளின் கைக்காப்பு வடிவமும் அப்படித்தான். அவற்றுக்குப் பொறியியல் காரணம் தேடி எழுதுபவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள்.

இதுவரை புகழ்ந்தாயிற்று, இனிக் கெட்டுப்போனதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாசல் முகப்புக்கு அதுதான் பாடம். இந்த வீடுகளில் இறவாணம், அதாவது சுவரைத் தாண்டிய கூரை ஓரம், நாலைந்து அடி, சில இடங்களில் அதற்கும் மேல் வெளியே நீளும். கூரைச் சரிவு மிகக் குறைவு. தாங்கும் கைமரங்களின் முனைகள் கூரை விளிம்பையும் தாண்டி வெளியே நீட்டி, உருட்டிய முனையோடு வானத்தைப் பார்த்து நிற்கும். நிழல் விழும் அழகைச் சொல்லி முடியாது. அழுகியதும் அங்கேதான். மரத்தின் பக்கவாட்டு முகம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். வெட்டுமுகம் பல மடங்கு வேகமாக உறிஞ்சும், ஏனென்றால் நாளங்களின் வாய் அங்கே திறந்திருக்கிறது. மேலே கூரை இல்லாமல் வெட்டுமுகம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்பில் தண்ணீர் தங்கிப் பூஞ்சை பிடித்தது. கைமரங்கள் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம். நல்ல வலிமை, ஆனால் அழுகலை எதிர்ப்பதில் தேக்குக்கு அருகில்கூட வராது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மழையே இல்லாத பாசடீனாவிலேயே இந்த நிலை. பல வீட்டுக்காரர்கள் அழுகிய முனைகளை அறுத்தே போட்டுவிட்டார்கள். அறுத்ததும் வீட்டின் முகமே மாறிப்போயிற்று. கேம்பிள் வீட்டின் வெளிமரம் முழுவதையும் 2003, 2004 ஆண்டுகளில் பெரும் செலவில் செப்பனிட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட முனையைச் செப்பனிடும் முறை நம்மூர்ப் பழைய வீடுகளுக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். முதலில் கூரான கம்பியால் குத்திப் பார்த்து, மென்மையான பகுதி எதுவரை போகிறது என்று குறிக்க வேண்டும். மேற்பரப்பு நன்றாகத் தெரிந்தும் உள்ளே பஞ்சாக இருக்கும். அழுகல் முனையோடு நின்றால் அதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசல் ஊட்டி, மறுபடி காயவிட்டு, நீர்த்த எபாக்சியை ஊறவிட்டு, பிறகு எபாக்சிப் பசையால் நிரப்பி உருவம் கொடுக்கலாம். காயாத மரத்தில் எபாக்சி போட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பின்புறத்தை அழுகடிக்கும். அழுகல் சுவர் தாங்கும் இடத்தை நெருங்கியிருந்தால் பசை வேலைக்கு இடமில்லை. அதுவரை அறுத்து, அதே ஜாதி மரத்தைச் சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும். பாரம் தாங்கும் இடத்தில் சாய்வு 1-க்கு 8 முதல் 1-க்கு 12 வரை வேண்டும். ஆறு அங்குலத் தடிப்புக்கு நான்கு அடிக்குக் குறையாத சாய்வு. ஒரு அடிச் சாய்வில் ஒட்டிவிட்டு நிற்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சிமெண்ட் பூசி அடைப்பதும், மேலே எனாமல் பெயிண்ட் அடித்து மறைப்பதும் அழுகலைத் துரிதப்படுத்தும்.

இனி உங்கள் வேலை. மேசையைத் தாராளமாகச் செய்யலாம். நம் ஆசாரிகளுக்கு இதில் தெரியாத பொருத்து எதுவும் இல்லை. கேம்பிள் வீட்டின் முன்கூடத்தில் போட்டிருப்பது பர்மாத் தேக்கு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தூணும் கதவுமாக நிற்பதும் அதே ஜாதி, ஏறக்குறைய அதே காலம். அன்றைய தரத்தில் இன்று புது மரம் கிடைப்பது அரிது. பழைய வீடு இடித்த தேக்குச் சட்டங்கள் கிடைத்தால் அதுவே உத்தமம், ஆணித் துண்டுகளை மட்டும் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட வேண்டும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும் போதும், வெளுத்த ஓரத்தைக் கழித்துவிடுங்கள். ஈரமானியால் அளந்து 12 சதவீதத்துக்குள் வந்ததும் வேலையைத் தொடங்கலாம். மேசை ஏ.சி. அறையில் இருக்கப்போகிறது என்றால் இழைத்த பலகைகளை அந்த அறையிலேயே இரண்டு மூன்று வாரம் இடைவெளிக் குச்சி வைத்து அடுக்கி வையுங்கள்.

கருங்காலிதான் சிக்கல். மாலை மோகம் வந்ததிலிருந்து கருங்காலி என்ற பெயரில் சாயம் ஏற்றிய மரம் நிறைய விற்கிறார்கள். பஞ்சில் தின்னர் நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் பஞ்சில் ஒட்டும். துண்டை அறுத்து உள்ளே பார்ப்பது இன்னும் நிச்சயம். யார் வீட்டிலாவது உடைந்த பழைய கருங்காலி உலக்கை இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரே உலக்கையில் இந்த மேசைக்குத் தேவையான முளைகள் எல்லாம் வந்துவிடும், மரமும் பல்லாண்டு காய்ந்தது.

முளை போடும் வரிசை இது. சதுரத் துளையை மூன்று நான்கு நூல் ஆழத்துக்கு உளியால் சுத்தமாக எடுக்க வேண்டும். ஓரம் பிய்ந்தால் பிறகு மறைக்க வழியில்லை, அதனால் முதலில் கத்தியால் கோடு வெட்டி, நடுவில் துளையிட்டு, ஓரத்தை உளியால் நேராக இறக்கச் சொல்லுங்கள். துளையின் அடியில் ஸ்க்ரூ உட்காரும். விளிம்புச் சட்டத்தில் நடு ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை, ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு அகலவாக்கில் மூன்று நூல் நீள்துளை. ஸ்க்ரூ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு தேக்கிலும் துரு ஏறிக் கறை விடும், ஓக்கில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். பித்தளை ஸ்க்ரூ தேக்கில் முறுக்கும்போது கழுத்தில் ஒடியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி மரை வெட்டிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றினால் ஒடியாது. முளையைக் குச்சியாக இழைத்து, தலையை மென்மையான திண்டின் மேல் வைத்த உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் புடைப்பு தானாக வரும். பிறகு அறுத்து, அடி ஓரங்களைச் சிறிது சரித்து, துளையில் ஒரு பொட்டுப் பசை வைத்து, அரை நூல் மேலே நிற்கும் வரை ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கம் அதிகமானால் கருங்காலி அசையாது, தேக்குதான் பிளக்கும். பசை நிறைய வைத்தால் அடியில் வழியில்லாமல் முளையை மேலே தள்ளும், அல்லது நீள்துளைக்குள் இறங்கி ஸ்க்ரூவை அசையவிடாமல் பிடித்துவிடும். இரண்டாவதைத்தான் பயப்பட வேண்டும். மேசை பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த கோடையில் வெடிக்கும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டச் சொல்லுங்கள். எல்லா விளிம்புகளையும் அரை நூல் ஆரத்துக்கு உருட்டுவது இந்தப் பாணியில் முளையைவிட முக்கியம். கூர்விளிம்போடு விட்டு, கறுப்புப் பொட்டு மட்டும் வைத்தால் அது கிரீன் சகோதரர்கள் பாணி ஆகாது. மேற்பூச்சுக்கு எண்ணெய் பூசித் துணியால் தேய்த்த பளபளப்பு போதும். பாலியூரித்தேன் கண்ணாடிப் பூச்சு அசையும் பொருத்தின் மேல் படலமாக நின்று, அந்தக் கோட்டிலேயே பிளவுபட்டு வெளுக்கும்.

வாசல் முகப்பில் எனக்கு ஒப்புதல் குறைவு. உங்கள் பகுதி புயல் பாதை. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டர் சொல்கிறது. தாழ்ந்த சரிவில் ஐந்தடி நீட்டிய திறந்த கூரையைக் காற்று மேலே தூக்கும். ஓட்டின் பாரத்தை நம்பி விடக்கூடாது. ஒவ்வொரு கைமரமும் உத்திரத்தோடும், உத்திரம் தூணோடும், தூண் அடித்தளத்தோடும் தூக்குவிசைக்கு இரும்பால் பிணைந்திருக்க வேண்டும். சகோதரர்களின் பட்டையும் ஆப்பும் அழகுக்கு மட்டும் இல்லை என்று சொன்னேனே, இங்கே அவற்றுக்கு நிஜமான வேலை கிடைக்கிறது. எத்தனை தடிப்பு, எத்தனை போல்ட் என்பதை இடத்தைப் பார்த்த கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் எண் கொடுப்பது பொறுப்பற்ற செயல். நீட்டத்தை மூன்றடிக்குள் வைத்தால் அவர் வேலையும் உங்கள் செலவும் குறையும்.

கைமர முனைகளைக் கூரை விளிம்புக்கு உள்ளேயே நிறுத்துங்கள். அசலில் இருப்பது போல வெளியே நீட்டியே தீர வேண்டும் என்றால், முனையின் மேல்முகத்தைச் செம்புத் தகட்டால் மூடி, தகட்டின் ஓரத்தை இரண்டு நூல் கீழே மடக்கி, சொட்டு மரத்தில் படாமல் விழச் செய்யுங்கள். தகட்டைச் செம்பு ஆணியாலோ ஸ்டெயின்லெஸ் ஆணியாலோ அடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஆணியைச் செம்பு சில வருடங்களில் தின்றுவிடும். வெட்டுமுகத்தைச் செங்குத்தாக விடாமல் கீழ்ப்பக்கம் உள்வாங்கும்படி சாய்த்து அறுத்தால் தண்ணீர் நிற்காது. பொருத்துவதற்கு முன்பே வெட்டுமுகங்களுக்கு நீர்த்த எபாக்சி இரண்டு கை. மேலே ஏறி நின்றுகொண்டு பிறகு பூசுவது பெயருக்குத்தான் நடக்கும். தூணின் அடியைத் தரையில் புதைக்காமல் கருங்கல்லின் மேலோ இரும்புக் காலணியின் மேலோ இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தினால் ஈரமும் கரையானும் விலகும்.

இந்த வீடுகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரசனை மாறியது, கூலி ஏறியது, இத்தனை செலவு செய்பவர்கள் குறைந்தார்கள். 1916-ல் சார்லஸ் கார்மெலுக்குக் குடிபோனார். 1922-ல் கூட்டு முறையாகக் கலைந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் இருவரையும் கௌரவித்தது 1952-ல். ஹென்றி 1954-லும் சார்லஸ் 1957-லும் இறந்தார்கள். கேம்பிள் வீட்டை ஒரு கட்டத்தில் குடும்பம் விற்க நினைத்து, வாங்க வந்தவர்கள் உள்ளிருக்கும் மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பேசியது காதில் விழுந்ததால் விற்காமல் விட்டது என்று அங்கே சொல்வார்கள். 1966-ல் அதைப் பாசடீனா நகரத்துக்கு, தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பராமரிக்கும் ஏற்பாட்டில் கொடுத்தார்கள். 1977-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. பிளாக்கர் வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985-ல் வாங்கியவர் விளக்குகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு போக, ஊர் கொதித்து, இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து பொருத்திய பொருள்களைப் பிரிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து நகரம் சட்டம் போட்டது. 1990-களில் வந்த உரிமையாளர்கள் நகல் விளக்குகள் செய்து வைத்து வீட்டை மீட்டார்கள்.

ஒரு நடைமுறை யோசனை. காணொளிகளைவிடச் சகோதரர்களின் அசல் வரைபடங்கள் உங்கள் ஆசாரிக்கு உதவும். பெர்க்லியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும், நியூயார்க்கில் கொலம்பியாவின் ஏவரி நூலகமும், பாசடீனாவை ஒட்டிய ஹன்டிங்டன் நூலகமும் அவற்றைப் பாதுகாக்கின்றன. நிறைய இணையத்திலேயே பார்க்கலாம். அவற்றில் ஒரு மேசை மூலையைத் தேர்ந்தெடுத்து, முழு மேசைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் விளிம்புச் சட்டம், வழுக்கும் பட்டி, நான்கு முளைகளோடு ஒரு மாதிரி மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதை ஒரு வாரம் குளியலறையிலும் ஒரு வாரம் ஏ.சி. அறையிலும் வைத்துப் பாருங்கள். வெடிக்காமல், முளை தூக்காமல், சட்டத்தின் ஓரம் பலகையிலிருந்து சிறிது நகர்ந்து மீண்டும் வந்து நின்றால் அந்த ஆசாரியிடமே மேசையை ஒப்படைக்கலாம்.